பேலியோவா, இல்லை பாக்கெட்டை நிறுத்தினாலே போதுமா?

சிங்காநல்லூர் சரவணன்:

வணக்கம் மக்களே. வயது 41, எடை 87 கிலோ, உயரம் 170 செ.மீ. கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 வந்திருக்கிறது, சர்க்கரை நோயின் எல்லை. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "எடையைக் குறைச்சுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எப்படிக் குறைப்பது என்பதில்தான் வீட்டிலும் ஆபீஸிலும் பஞ்சாயத்து.

பக்கத்து சீட்டுக்காரர் பேலியோ, அதாவது அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டு முட்டை, இறைச்சி, கொட்டை, காய் என்று சாப்பிடும் டயட். காலையில் ஒரு டப்பா பாதாம், மதியம் துருவிய காலிஃபிளவருக்குச் சாதம் என்று பெயர் வைத்து முட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார். ஆள் இளைத்திருக்கிறார், மறுக்க முடியாது. இன்னொருவர் மதியம் 12 மணிக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார், ராத்திரி 8 மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். கணக்குப் பிரிவில் ஒரு பெண் ஜிஎம் டயட்: ஒரு நாள் முழுக்கப் பழம், மறுநாள் முழுக்கக் காய். என் மனைவியோ, "பேக்கரியையும் பாக்கெட்டையும் விடுங்க, வேற எந்தக் கூத்தும் வேண்டாம்" என்கிறாள்.

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அது மட்டும் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாதாம் பாண்டியன்:

சரவணன் சார், பேலியோவைக் கிறுக்கு டயட் என்று ஒதுக்குபவர்களில் பாதிப் பேர் அதில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாக நம் ஊரில் அது பரவியபோது முதலில் கேட்டதே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான். கிரியேட்டினின், யூரிக் ஆசிட், டிரைகிளிசரைடு இதெல்லாம் என்னவென்று என்னைப் போன்ற ஹார்டுவேர் கடைக்காரனுக்குத் தெரிந்தது அப்போதுதான். அப்புறம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியவை: சர்க்கரை, மைதா, பிஸ்கட், ரஸ்க், கூல்டிரிங்க்ஸ், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பவுடர். அதற்குப் பிறகுதான் பாதாம், முட்டை, வெண்ணெய் டீ எல்லாம்.

எனக்கு எடையும் குறைந்தது, டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பும் இறங்கியது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு மட்டும் ஏறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது முழுப் பேலியோவில் இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் இலை போட்டு, வடை பாயாசம் வைத்துவிட்டு எதிரே நிற்கிறார்கள். "எனக்கு ரெண்டு அவிச்ச முட்டை கொடுங்க" என்று எத்தனை வருடம் கேட்பது? ஆனால் கடையில் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவே இல்லை.

நளபாகம்:

உணவியல் படித்து, இப்போது அதிலேயே வேலை பார்க்கிறேன். பாண்டியன் அண்ணன் சொன்ன வரிசையைக் கவனித்தீர்களா? எந்த டயட்டை எடுத்தாலும் வீட்டைவிட்டு முதலில் வெளியேறுவது ஒரே சாமான்கள்தான். பிறகு உள்ளே வருவதுதான் வேறு வேறு.

இதை நன்றாகக் காட்டிய ஆய்வு ஒன்று ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு செய்தது, 2018இல் வெளிவந்தது. 609 பேர், ஒரு வருடம். பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள், பாதிப் பேருக்கு மாவுச்சத்தை. கலோரி எண்ணச் சொல்லவில்லை. ஆனால் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்றைச் சொன்னார்கள்: சர்க்கரை, மைதா, தொழிற்சாலைத் தீனி வேண்டாம், காய்கறி நிறைய, முடிந்தவரை வீட்டுச் சமையல். முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6.0 கிலோ குறைந்தது. அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் ஒரு பொருட்டாக மதிக்காது. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 20 கிலோவுக்கு மேல் இளைத்தவரும் உண்டு, ஏறிப்போனவரும் உண்டு. டயட்டின் பெயரைவிட அதைச் செய்யும் ஆள்தான் அதிகம் தீர்மானிக்கிறார்.

இன்னொன்று. அரிசியை நிறுத்திய முதல் வாரத்தில் 2 கிலோ இறங்கியது என்று கொண்டாடுவார்கள். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று அரைக் கிலோ அளவுக்கு ஒரு சேமிப்பு உண்டு. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போகும். மறுபடி சாதம் சாப்பிட்டதும் அது திரும்பி வரும், "டயட்டை விட்டதும் குப்பென்று ஏறிடுச்சு" என்று புலம்புவார்கள். ஜிஎம் டயட்டின் புகழில் பெரும்பங்கு இந்தத் தண்ணீருக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, ஆனால் "பாக்கெட்டை விட்டால் இளைக்கலாம்" என்பதற்கும் எதிர்ச்சாட்சி உண்டு. 2010இல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், பெரும்பாலும் பாக்கெட் கேக், சிப்ஸ், பிஸ்கட் வகையறாக்களையே தின்று, மொத்தத்தை நாளுக்கு 1,800 கலோரிக்குள் நிறுத்தி, 10 வாரத்தில் 12 கிலோ குறைத்துக் காட்டினார். கலோரிதான் கணக்கு என்று நிரூபிக்கவே செய்தார்.

சர்க்கரை நோய்க்கே வாருங்கள். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வு, 2017. டைப் 2 நோயாளிகள் 306 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சில மாதங்கள் சாப்பாட்டையே நிறுத்தி, நாளுக்கு 850 கலோரி அளவில் பவுடர் கரைத்த ஷேக்கும் சூப்பும் மட்டும். ஒரு வருட முடிவில் ஷேக் குழுவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள், மறுபக்கம் 4 சதவீதம். அந்த ஷேக் பவுடரைவிடத் தொழிற்சாலைத்தனமான உணவு ஒன்று உண்டா?

நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். சீனாவில் குவாங்சோவில் 139 பேருக்கு ஒரு வருடம் ஒரே கலோரி வரம்பு கொடுத்து, பாதிப் பேரை மட்டும் 8 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொன்னார்கள். 2022இல் முடிவு வந்தது. அவர்களுக்கு 8.0 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. இதுவும் பெரிய வித்தியாசமாகத் தேறவில்லை. ராத்திரி டிவி முன்னால் கொறிப்பது நின்றால் அதுதான் லாபம், கடிகாரத்தில் ஒன்றும் இல்லை.

நளபாகம்:

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்ன மூன்றிலும் அளவை வேறு யாரோ, அல்லது பிடிவாதமான ஒரு பேராசிரியர், முன்கூட்டியே பூட்டி வைத்துவிட்டார்கள். நம் கேள்வி வேறு. பூட்டாமல் "வயிறு நிறைய சாப்பிடு" என்று விட்டால் என்ன ஆகும்?

அதைத்தான் கெவின் ஹால் 2019இல் செய்தார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆஸ்பத்திரியிலேயே 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்டு உணவு, அதாவது தொழிற்சாலையில் பலவிதமாகப் பதப்படுத்திய பாக்கெட் வகையறா, இரண்டு வாரம் அப்படி இல்லாத உணவு. ஒரே ஆள் இரண்டையும் சாப்பிட்டார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் ஈடுகட்டியவை. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். பாக்கெட் வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. யாரும் பேராசையில் தின்னவில்லை. மென்மையாக இருப்பதால் வேகமாக இறங்குகிறது, வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் தட்டு காலி. ஹால் பின்னால் செய்த வேலைகளில், ஒரே வாய்க்குள் கலோரி நெருக்கமாக அடைந்திருப்பதும் ஒரு காரணமாகத் தெரிந்தது.

ஷேக் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. மருத்துவரின் கண்காணிப்பில், கெடு வைத்துச் செய்யும் சிகிச்சை அது. சரவணன் அண்ணன் கேட்டது வாழ்நாள் முழுக்க என்ன சாப்பிடுவது என்று.

வெல்னஸ் கோச் 247:

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. ஷேக் பவுடர் விற்க இது இடமில்லை. — மட்டுறுத்துநர்]

கணக்குப்பிள்ளை:

என்னால்தான் வந்தாரோ?

மாட்டுத்தாவணி மீனா:

எல்லாரும் அமெரிக்கா, சீனா போய்விட்டு வாருங்கள், நான் அடுப்படியில் இருந்து பேசுகிறேன். "பாக்கெட்டை விடுங்க" என்பது ஒரு வரி. அதை நிறைவேற்றுவது யார்? மல்லி, மிளகாயைக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோவது, மாவாட்டுவது, பிள்ளைகளுக்கு நாலு மணிக்குச் சுண்டல் வேகவைப்பது எல்லாம் யார் தலையில் விடியும்? நான் வேலைக்குப் போகிறவள். 8.10 பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போகும். என் வீட்டில் பாக்கெட் வந்தது ருசிக்காக இல்லை, நேரத்துக்காக.

காசையும் பாருங்கள். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். செக்கு நல்லெண்ணெய் 400 ரூபாயைத் தொடுகிறது. பேலியோக்காரர்களின் 100 பாதாம் எடை போட்டால் 120 கிராம் வரும். கிலோ 900 ரூபாய் என்று வைத்தாலும் ஓர் ஆளுக்கு, ஒரு வேளைக்கு, நூறு ரூபாய்க்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டில் இதை யோசிக்கக்கூட முடியுமா?

சரவணன் தம்பி, உங்கள் மனைவி சொல்வது சரி. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக அவரே எல்லாம் செய்ய வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது.

நளபாகம்:

அக்கா சொன்னது ஹால் ஆய்விலேயே இருக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி கணக்கில் ஒரு வாரத்துக்கான பாக்கெட் உணவுப் பொருட்களின் செலவு 106 டாலர், மற்றது 151 டாலர். சமைக்கும் நேரத்துக்குக் கூலி போடாமலே இந்தக் கணக்கு.

ரிட்டயர்டு வாத்தியார்:

தம்பிக்கு மாத்திரை இல்லை, நல்லது. ஆனால் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று எழுத வேண்டும். என் மச்சான் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர். யாரோ சொன்னார்கள் என்று சோற்றை ஒரேயடியாக நிறுத்தினார், மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டார். ஒருநாள் பேருந்து நிலையத்தில் சட்டை நனையும் அளவுக்கு வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குளறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா கடையில் வாங்கிக் கொடுத்த சர்க்கரை போட்ட டீதான் காப்பாற்றியது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை போடுகிறவர்கள் இன்னும் கவனம். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. அதோடு மாவுச்சத்தை அடியோடு வெட்டும் கடும் கீட்டோ டயட் அல்லது நீண்ட பட்டினி சேர்ந்தால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி. எந்த டயட்டாக இருந்தாலும் மருந்து எழுதிய டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கொள்முதல் கோபி:

நான் தின்பண்டம் தயாரிக்கும் இடத்தில் கொள்முதல் பார்க்கிறேன், அதனால் லேபிள் படிப்பது பற்றி மட்டும். பொருட்களை எடை வரிசையில்தான் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் இருப்பதுதான் அதிகம். என் மேஜையில் இப்போது ஒரு தானிய பிஸ்கட் இருக்கிறது. முன்பக்கம் கதிர், ஓட்ஸ், பச்சை இலை. பின்பக்கம் முதல் பெயர் மைதா. வெறும் மைதா என்று இருக்காது, 'ரீஃபைண்டு வீட் ஃபிளவர்' என்று தொடங்கும், கோதுமை என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாவது பாமாயில், மூன்றாவது சர்க்கரை, கொஞ்சம் தள்ளி இன்வர்ட் சிரப், அதுவும் சர்க்கரைதான். பெயரில் ராகி, ஓட்ஸ் என்று ஏதாவது இருந்தால் அது எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள், பல நேரம் சிரிப்பு வரும்.

ஒன்று மட்டும், நம்பரைப் பார்த்ததுமே விஷம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 500 சமையல் சோடா. 322 லெசித்தின், முட்டை மஞ்சள் கருவிலும் உண்டு. நாங்கள் ஓர் அயிட்டத்தை "ஓடும்" என்று முடிவு செய்வது 627, 631 மாதிரி சுவையூட்டிகள் உப்போடும் எண்ணெயோடும் கூட்டுச் சேரும்போது. ஒரு பாக்கெட் பிரித்தால் முடியும்வரை கை நிற்கக் கூடாது, அதுதான் வேலை.

பாதாம் பாண்டியன்:

கோபி சார், பதிவைச் சேமித்து வைத்துவிட்டேன்.

சிங்காநல்லூர் சரவணன்:

எல்லாருக்கும் நன்றி. என் ஒரு நாளைப் போடுகிறேன், திட்டலாம். காலை இட்லி நாலு, சட்னி, சாம்பார். 11 மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் வீட்டுச் சாப்பாடு: சாதம், குழம்பு, பொரியல், கடைசியில் மோருக்கும் கொஞ்சம் சாதம். 4 மணிக்குப் பேக்கரி: டீ, ஒரு பஃப்ஸ் அல்லது தேங்காய் பன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பேக்கரிக்குப் போகாதவனைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். 6 மணிக்கு இன்னொரு டீ. இரவு தோசை. வாரம் ஓரிரு நாள் பரோட்டா சால்னா. சொல்லப்போனால் பாக்கெட் அவ்வளவாக இல்லையே?

நளபாகம்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'அல்ட்ரா பிராசஸ்டு' என்ற பிரிவை உண்டாக்கியவர் பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ, 2009இல். நோவா என்று பெயர், நாலு பிரிவு. அந்தக் கணக்கில் மாவு முதல் பிரிவு, எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் இரண்டாம் பிரிவு. அதாவது மைதாவைப் பிசைந்து, எண்ணெய் ஊற்றி வீசிப் போட்ட பரோட்டா, வனஸ்பதி சேர்க்காத வரை, அல்ட்ரா பிராசஸ்டு என்ற நாலாம் பிரிவில் மாட்டாமல் தப்பித்துவிடும்! தீபாவளி முறுக்கும் அதிரசமும் தப்பித்துவிடும். பாக்கெட்டே வாங்காத வீட்டிலும் சர்க்கரை நோய் வருவதற்கு இப்படித் தப்பிக்கும் உணவும் ஒரு காரணம். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் உங்களைப் போல எல்லையில். இத்தனை பேரும் சிப்ஸ் தின்று வந்தவர்கள் இல்லை. நம் ஊர்த் தட்டில் பெரும்பங்கு வெள்ளைச் சோறு.

ஆகவே உங்கள் மனைவியின் யோசனை 4 மணிப் பஃப்ஸையும் பிஸ்கட்டையும் பிடிக்கும். மதியச் சோற்றைப் பிடிக்காது. அங்கேதான் பேலியோக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: அவர்கள் தட்டில் முட்டையும் காயும் முதலில் வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டுக் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 2,000 கலோரிக்குத் தானியம் எல்லாம் சேர்த்து, சமைக்காத எடையில், 250 கிராம்தான். பருப்பு 85, காய்கறி 400. உங்கள் இட்லி, சாதம், தோசை மூன்றையும் அரிசியாக எடை போட்டால் 400 கிராமைத் தாண்டலாம். காய் 150 வருமா?

காலிஃபிளவருக்குச் சாதம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்குங்கள். மோர்ச் சாதத்துக்குப் பதில் மோர். சுண்டலோ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று தினமும். டீயில் சர்க்கரையை முதலில் பாதியாக்கிப் பிறகு நிறுத்துங்கள். மூன்று டீக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் அதுவே 30 கிராம்.

கணக்குப்பிள்ளை:

கடைசியில் கலோரிக்குத்தானே வந்து நிற்கிறீர்கள்!

நளபாகம்:

வந்துதான் ஆக வேண்டும் சார். எண்ணாமலே குறைய வைப்பது எப்படி என்பதில்தான் நமக்குள் வித்தியாசம்.

மாட்டுத்தாவணி மீனா:

காய் 400 கிராம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். நறுக்குவது யார்? தம்பி, ராத்திரி டிவி பார்க்கும்போது மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டு வையுங்கள், பாதி டயட் முடிந்தது. கொண்டைக்கடலையை ஞாயிறு அன்று மொத்தமாக ஊறவைத்து, வேகவைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் ஒன்றை எடுத்துத் தாளித்து டப்பாவில் போட்டால் 4 மணிக்குப் பேக்கரி ஞாபகம் வராது. வந்தால் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

சிங்காநல்லூர் சரவணன்:

காய் நறுக்குவது என் பொறுப்பு என்று இங்கே எழுத்தில் கொடுத்துவிட்டேன், வீட்டில் காட்டியாகிவிட்டது. பரோட்டாவை மாதம் ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. பேலியோ இப்போதைக்கு வேண்டாம். ஒரு கடைசிச் சந்தேகம்: கடையில் வாங்கும் பாக்கெட் இட்லி மாவு எந்தக் கணக்கு? அதையும் நிறுத்தச் சொன்னால் வீட்டில் என்னை நிறுத்திவிடுவார்கள்.

கொள்முதல் கோபி:

பின்பக்கம் அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர், உப்பு இவ்வளவுதான் இருந்தால் நீங்கள் வீட்டில் ஆட்டுவதும் அதுவும் ஒன்றுதான். பாக்கெட்டில் வருவதால் மட்டும் எதுவும் கெட்டதாகிவிடாது, ஆவின் பாலும் பாக்கெட்தான். தேதி பார்த்து வாங்குங்கள், உப்பியிருந்தால் வாங்காதீர்கள். உடனடி ரவா இட்லி மிக்ஸ், ரெடிமேட் பரோட்டா வேறு சாதி. அவற்றின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாதாம் பாண்டியன்:

மாவு சரி, நாலு இட்லியை மூணாக்கி கூடவே ஒரு அவிச்ச முட்டை வையுங்க சார். மூணு மாசம் கழித்து ரிப்போர்ட் வந்ததும் இதே இழையில் போடுங்கள், எச்பிஏ1சியோடு எல்.டி.எல்.லும் சேர்த்து.